நாற்பத்தேழு கிராம்

அஞ்சலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்து மூன்று நாளாகியும் தையல்காரி அதை யாரிடமும் காட்டவில்லை. துணி வெட்டும் மேசையின் இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள்.

வீட்டில் யாரிடம் காட்டுவது? கணவன் ஊரில் இல்லை. அவன் மேற்பார்வை பார்த்த கிடங்கு எரிந்து, மூட்டை தூக்கும் இருவர் உள்ளேயே கருகிப்போனார்கள். அதற்குப் பிறகு நிர்வாகம் தன்னைத் தூரத்துக் கிளைக்கு மாற்றிவிட்டது என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவன்தான். ஏழு வாரமாக அவன் குரலைக் கேட்கவில்லை. ‘சிக்னல் சரியில்லை’ என்று எப்போதாவது ஒரு வரி கைபேசியில் வந்து விழும். மாமியாருக்கோ ரத்தக்கொதிப்பு, அரசாங்க உறையைப் பார்த்தாலே கை உதறும். மிச்சம் இருப்பவன் கொழுந்தன். எதைச் சொன்னாலும் சிரித்தே மழுப்பிவிடுவான்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: அவள் அனுப்பிய நான்கு பெட்டிகளின் எடை, லேபிளில் போட்டிருந்ததைவிட அதிகம். இன்னொரு முறை இப்படி நடந்தால், வீட்டிலேயே எடை போட்டு லேபிள் ஒட்டும் அனுமதி ரத்தாகும். அதன்பின் அவள் கொண்டுவரும் ஒவ்வொரு பெட்டியும் பிரித்துச் சோதிக்கப்படும்.

கைக்குழந்தைகள் கடித்தாலும் கிழியாத துணிப் புத்தகங்கள் தைப்பது அவள் தொழில். ஒரு நாளைக்கு ஆறு பெட்டி, ஏழு பெட்டி. ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டிக்கொண்டு நின்றால் தைப்பது எப்போது?

இன்று விடிந்ததும் முடிவு செய்துவிட்டாள். பழைய தராசைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"என்ன அண்ணி, தராசைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?" வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கொழுந்தன் கேட்டான்.

"இது தப்பா காட்டுது தம்பி. மாத்திட்டு வரேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "தப்பா? யார் சொன்னா?"

"போஸ்ட் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. "அவங்க மெஷின்தான் கோளாறா இருக்கும். விடுங்க அண்ணி. புதுசெல்லாம் எதுக்கு? நல்லா இருக்கிற தராசு."

"இன்னொரு தடவை தப்பு வந்தா எல்லாப் பெட்டியையும் பிரிப்பாங்களாம்."

கொழுந்தன் ஏற்கெனவே பளபளத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

எதிர்ச்சாரியில் அந்தச் சாம்பல் நிற வேன் நின்றிருந்தது. குழாய் பழுதுபார்க்க வந்தவர்களாம். இரண்டு வாரமாக நிற்கிறது; இதுவரை ஒரு குழி வெட்டக் காணோம். அவள் கடந்துபோகும்போது முன்னிருக்கையில் இருந்தவன் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

தராசுக் கடைக்காரம்மா ஐம்பது வயதைத் தாண்டியவள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே ஒரு எடை போட்டிருப்பாள்.

"என்ன எடை போடணும்? அதை முதல்ல சொல்லுங்க."

"தபால்ல அனுப்புற பெட்டி. ரெண்டு கிலோவைத் தாண்டாது."

"அப்போ அந்தப் பெரிய தராசுகிட்டப் போகாதீங்க. அது மூட்டைக்கு. அதுல கால் கிலோ வெச்சா, யாருக்கோ வந்த விருந்துன்னு பேசாம இருக்கும். தொங்கவிடுற தராசும் வேணாம், பெட்டி ஆடிக்கிட்டே இருக்கும். அஞ்சு கிலோ வரைக்கும் எடுத்து, கிராம் கிராமா காட்டுறது போதும்." ஒன்றை எடுத்து வைத்தாள். "ஆனா கிராம் கிராமா காட்டுதுங்கிறதுக்காக கிராம் சுத்தமா இருக்கும்னு நம்பிடாதீங்க. காட்டுறது வேற, சரியா காட்டுறது வேற. எந்தத் தராசா இருந்தாலும் படிக்கல் வெச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கணும்."

"பழசையும் கொண்டு வந்திருக்கேன். எவ்வளவு தப்புன்னு பார்க்க முடியுமா?"

கடைக்காரம்மா அதை வாங்கிக் கண்ணாடி மேசையில் வைத்தாள். அசைகிறதா என்று நான்கு மூலையையும் விரலால் அழுத்தினாள். பேட்டரியைக் கழற்றிப் புதிது போட்டாள். வெல்வெட் பெட்டியிலிருந்து ஐந்நூறு கிராம் படிக்கல்லைக் குறடால் எடுத்து நடுவில் வைத்தாள்.

ஐந்நூறு.

எடுத்து இடப்பக்க ஓரத்தில் வைத்தாள். ஐந்நூறு. வலப்பக்கம். ஐந்நூற்று ஒன்று. இருநூறு வைத்தாள், இருநூறு. நூறு வைத்தாள், நூறு.

"யாரும்மா சொன்னது இது தப்புன்னு? இப்படி ஒரு நாணயமான தராசு என் கடையிலேயே நாலுதான் தேறும்."

தையல்காரிக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தாள். "பெட்டி பெருசா இருந்து, ஓரம் சுவத்துல சாய்ஞ்சிருந்தா எடை குறைச்சுக் காட்டும். அப்படி ஏதாவது?"

"நம்பர் பெட்டிக்கு அடியில மறைஞ்சிடும். குனிஞ்சு பார்ப்பேன். சாய்ஞ்சிருக்கலாம்..." அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"நாலு பெட்டியும் ஒரே பொருளா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். நாலு லேபிள்லயும் முந்நூத்தி அறுபத்திரண்டுதான் போட்டிருக்கேன். அந்த எடை வர்றது எண்கள் புத்தகம் மட்டும்தான்."

கடைக்காரம்மாவின் விரல் வரிசையாக இறங்கியது. "முப்பத்தாறு கூட. எண்பத்தொண்ணு கூட. இருபத்திரண்டு. ஐம்பத்தாறு." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "தராசு கெட்டா ஒரே மாதிரி கெடும்மா. இப்படி வாரத்துக்கு ஒரு பேச்சு பேசாது. இது தராசு பண்ற வேலை இல்ல. மனுஷன் பண்ற வேலை."

தையல்காரி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

பழைய தராசு சரியாக இருந்தும் புதிதாக ஒன்று வாங்கினாள். தட்டு அகலமானது, எண் காட்டும் பகுதி ஒயரோடு தனியாக வெளியே வரும், பெட்டி மறைக்காது. கூடவே இருநூறு கிராம் படிக்கல் ஒன்று. சந்தேகத்துக்கு இனி எந்தப் பக்கமும் இடம் இருக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதிவு நோட்டைப் பிரித்தாள். கடிதத்தில் இருந்த நான்கு எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடினாள்.

நான்கும் ஒரே முகவரி.

ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஊர். ஒரு பள்ளி ஆசிரியையின் பெயர். வாராவாரம் ஒரு எண்கள் புத்தகம் கேட்டுச் செய்தி அனுப்புவாள். வகுப்புக் குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாகச் சேர்க்கிறாள் போலிருக்கிறது என்று தையல்காரி பெருமைப்பட்டிருந்தாள். முந்தாநாள்கூட அவளிடமிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது. அந்தப் பெட்டி இன்று போகவேண்டும்.

மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தினாள். புதுத் தராசைச் சமமாக வைத்தாள். படிக்கல், இருநூறு. பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினாள். ஆசிரியையின் பெட்டி முந்நூற்று அறுபத்திரண்டு. லேபிளை ஒட்டினாள்.

பதினொரு மணிக்குக் கொழுந்தன் வந்தான். "பெட்டியெல்லாம் ரெடியா அண்ணி? பையில அடுக்கிட்டுக் கிளம்பறேன்." ஆறு பெட்டிகளையும் மார்போடு அணைத்துத் தன் அறைக்குத் தூக்கிப் போனான். கதவு சாத்திக்கொண்டது.

எப்போதும் நடப்பதுதான். எப்போதும் அந்த நேரத்தில் அவள் தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பாள்; வேறெதுவும் காதில் விழாது. இன்று மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவுக்குப் பின்னால் டேப் கிழியும் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று. பிறகு சின்னதாக இரண்டு.

கொழுந்தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஒரு நிமிஷம் தம்பி. இன்னொரு தடவை எடை போட்டுடறேன்."

"நேரமாச்சு அண்ணி."

"ஒரே ஒரு பெட்டிதான்."

அவன் பையைத் தரவில்லை. அவளே அருகில் போய், தோளில் தொங்கிய பையிலிருந்து அந்தப் பெட்டியை உருவினாள். சத்தம் கேட்டு மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் ஈரத்துணி.

பெட்டியைத் தட்டில் வைத்தாள். எண் ஒரு கணம் தடுமாறி நின்றது.

நானூற்று ஒன்பது.

"புதுத் தராசு இல்லையா, இன்னும் செட் ஆகியிருக்காது..." என்றான் கொழுந்தன்.

பெட்டியை எடுத்துவிட்டுப் படிக்கல்லை வைத்தாள். இருநூறு. மறுபடி பெட்டி. நானூற்று ஒன்பது. மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடும்மா," என்றார் மாமியார். "அவன் கொண்டு போகட்டும்."

தையல்காரி திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா அத்தை?"

மாமியார் ஈரத்துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை.

கத்தரிக்கோலால் டேப்பை அறுத்தாள். புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்துக்கும் ஆறாம் பக்கத்துக்கும் நடுவில் நான்கு அட்டை மாத்திரை. அந்த நீலநிற மாத்திரையை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் இரண்டு வேளை தன் கையால் எடுத்துக் கொடுத்தது. ஒரு நாள் தவறினாலும் கணவனுக்கு வலிப்பு வந்துவிடும். ஆறு மாதத்துக்கான மாத்திரையை வாங்கிக்கொண்டதாகச் சொல்லித்தான் போனான்.

மாத்திரைக்கு அடியில் ஒரு கடிதம். மாமியாரின் கோணல் கையெழுத்து.

‘கண்ணு, ஜன்னலைத் திறக்காதே. இங்கே இன்னும் நிற்கிறார்கள்.’

தையல்காரி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அண்ணன் எந்தக் கிளைக்கும் போகல அண்ணி," கொழுந்தன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அன்னிக்குக் கிடங்கோட பின்கதவை வெளியிலேர்ந்து பூட்டினது யாருன்னு அவர் பார்த்துட்டார். பார்க்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க நிர்வாகத்துல. மாட்டேன்னுட்டார். வக்கீல் ஒருத்தர் கேஸ் நடத்துறார். கோர்ட்ல சாட்சி சொல்ல ஏத்துற வரைக்கும் மறைஞ்சு இருங்கன்னு அவர்தான் சொன்னது. அந்த டீச்சர், உள்ள கருகிப்போனாரே ஒருத்தர், அவரோட தங்கச்சி. அவங்க வீட்டு மாடி அறையிலதான் அண்ணனை வெச்சிருக்காங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன்தான் வேணாம்னார். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. தெருவுல நிக்கிறவன் உங்க முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவான்னு..."

அந்தச் சாம்பல் நிற வேன் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. காலையில் தலையை உயர்த்திய அந்த முகம். இரண்டு வாரமாக அவனுக்கு எதிரே கோலி விளையாடும் குழந்தைபோல எதுவும் தெரியாமல் போய் வந்திருக்கிறாள்.

கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே வேறொன்று வந்து அதைத் தள்ளிவிட்டு நின்றது. உயிரோடு இருக்கிறான். ஒன்றரை மணி நேரத் தொலைவில்.

"நான் அங்க போனா பின்னாலயே வருவாங்க," கொழுந்தன் தொடர்ந்தான். "உங்க பார்சல் தினமும் போறது. அதை யாரும் சீண்ட மாட்டாங்க. கொஞ்சூண்டு கனத்துக்கு இவ்வளவு தூரம் வரும்னு எனக்குத் தெரியாது அண்ணி. கவுண்ட்டர்ல எதுவும் சொல்லல."

"அனுப்பினது அவருக்குக் கிடைக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"அடுத்த ஆர்டர் வந்தா முந்தினது கைக்குக் கிடைச்சதுன்னு அர்த்தம். அதுதான் பேச்சு. போன வாரமும் மாத்திரைதான் வெச்சோம். முந்தாநாள் ஆர்டர் வந்துச்சே."

தையல்காரி ஒரு முடிவுக்கு வந்தவளாக எழுந்தாள். கடிதத்தையும் மாத்திரையையும் இருந்தபடியே பக்கங்களுக்கு நடுவில் வைத்தாள். புத்தகத்தின் பட்டியைக் கட்டினாள். பெட்டியை ஒட்டினாள். பழைய லேபிளை உரித்தெடுத்துவிட்டுத் தராசில் வைத்தாள். நானூற்று ஒன்பது. அதே எடைக்குப் புது லேபிள் அச்சடித்து, சுருக்கமில்லாமல் தேய்த்து ஒட்டினாள்.

"இன்னிக்கு நான் கொண்டு போறேன்."

"அண்ணி..."

"எடை சரியா இருந்தா பிரிக்க மாட்டாங்க. இனிமே நீ உள்ள வெச்சதும் சொல்லு. நான் லேபிள் போடறேன்."

மாமியார் அவள் கன்னத்தில் கை வைத்தார். "முகத்தைச் சாதாரணமா வெச்சுக்கம்மா."

சாதாரணமாக முகத்தை வைப்பது இவ்வளவு கனமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வேனைக் கடக்கும்போது பையைத் தோள் மாற்றினாள். கொட்டாவி விட்டாள். வேனுக்குள் இருந்தவன் பார்த்தான். பார்க்கட்டும்.

மதிய நேரம், அஞ்சலகத்தில் கூட்டம் இல்லை. கவுண்ட்டர்காரர் பெட்டிகளைத் தம் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினார். ஆசிரியையின் பெட்டி வந்ததும் லேபிளைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார்.

"நானூத்தி ஒன்பது. நானூத்தி ஒன்பது. சபாஷ். புதுத் தராசா?"

"ஆமா சார்."

"வழக்கமா லேபிள்ல போடறதைவிடக் கனமா இருக்கே. உள்ள என்ன?"

"துணிப் புத்தகம்தான். ரெண்டு பக்கம் கூடுதலா தைச்சிருக்கேன்."

கவுண்ட்டர்காரர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார். ஒரு ஊழியர் சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். ஆறு பெட்டிக்கும் ரசீது அச்சாகி வர வெகுநேரம் பிடித்தது. அவள் மூச்சு விட்டாள். பொய் சொல்ல வருகிறது, அத்தனை கஷ்டமில்லை.

"கொஞ்சம் இருங்க, உங்க பெட்டி ஒண்ணு திரும்பி வந்திருக்கு." கவுண்ட்டர்காரர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார்.

அதே ஆசிரியையின் பெயர். போன வாரத்துத் தேதி. மேலே சிவப்பு மையில் முத்திரை: ‘வீடு பூட்டியுள்ளது. பெறுவார் இல்லை.’ முத்திரையின் தேதி ஐந்து நாளுக்கு முந்தையது.

"இதைக் கொஞ்சம் எடை போடுங்க சார்."

"திரும்பி வந்ததுக்கு எதுக்கும்மா எடை?"

"ஒரு தடவை."

அவர் அலுத்துக்கொண்டே வைத்தார். எச்சரிக்கைக் கடிதத்தின் கணக்குப்படி, போகும்போது இதே இயந்திரத்தில் நானூற்றுப் பதினெட்டு இருந்த பெட்டி.

முந்நூற்று அறுபத்திரண்டு.

புத்தகம் மட்டும். மாத்திரை இல்லை. மாமியாரின் கடிதம் இல்லை. பெட்டியைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் புது டேப், மிக நேர்த்தியாக, ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது. கொழுந்தன் ஒட்டினால் எப்போதும் கோணிக்கொண்டு போகும்.

வீடு பூட்டி ஐந்து நாளாகிறது. ஆர்டர் வந்தது முந்தாநாள்.

எண்கள் புத்தகம் ஒன்று அனுப்பவும் என்று முந்தாநாள் அந்தப் பெயரில் கேட்டது யார்? மாத்திரையை எடுத்துக்கொண்டு, ‘கண்ணு’ என்று தொடங்கும் கடிதத்தைப் படித்துவிட்டு, அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருப்பது யார்? ஐந்து நாளாக மாத்திரை இல்லாமல் அவன் எங்கே விழுந்து கிடக்கிறான்?

"சார், இப்ப குடுத்தேனே, அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுங்க. அனுப்பல."

"அது எப்படிம்மா? சாக்கு கீழ போயிடுச்சே."

"கீழ போய் எடுத்துத் தாங்க சார், கும்பிட்டுக் கேக்கறேன்..."

அவர் கழுத்தை நீட்டிப் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தார். முற்றத்தில் இன்ஜின் உறுமி, பெரிய இரும்புக் கதவு உருளும் சத்தம் கேட்டது.

"வண்டி கிளம்பிடுச்சும்மா," என்றார். "கவலைப்படாதீங்க. நாளைக்குக் காலையில சரியா போய்ச் சேர்ந்துடும்."